தனக்கு இலை போடாதவள்

சென்ற சித்திரையில் அக்கா வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய தெரு. முழு ஆண்டு விடுமுறைக்கு அக்காவின் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பேரனுக்கு எட்டு வயது. பேத்திக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. வெயில் சாயும்வரை இருவரும் புறவாசல் பூவரச மரத்தடியில்தான். நான் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

அக்கா தன் மகளுக்கு வாங்கிய சொப்பு இன்னும் வீட்டில் இருக்கிறது. உள்ளூர்க் கடைசல் வேலை. மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய அடுப்பு, குடம், அம்மி, உரல், திருகை. முப்பத்தைந்து வருஷத்தில் சிவப்பு மங்கிவிட்டது. மஞ்சள் அப்படியே இருக்கிறது. ஆற்று மணலில் சோறு, செங்கல் பொடியைக் கரைத்துக் குழம்பு, பூவரசங்காயைச் சிதைத்துத் துவையல். கவுன் போட்டிருந்த பேத்தி, இல்லாத முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுப்பை ஊதினாள். புகை பட்டதுபோல் கண்ணைக் கசக்கினாள். அவள் வீட்டில் விறகடுப்பு கிடையாது. புறவாசலில் ஆச்சி வெந்நீர் போடுவதை இரண்டு நாள் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பிறகு பூவரச இலைகளைப் பறித்து வரிசையாகப் போட்டாள். அண்ணனுக்கு ஒன்று, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்று, துணிப் பொம்மைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தண்ணீர் தெளித்தாள். குனிந்து குனிந்து பரிமாறினாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று ஒவ்வோர் இலைக்கு முன்னாலும் நின்று கேட்டாள். இலைகள் நான்குதான் இருந்தன.

“உனக்கு இலை எங்கம்மா?” என்றேன்.

“நான் உக்காந்தா யாரு தாத்தா போடுவா?”

அந்தக் குரலில் குறையோ வருத்தமோ துளியும் இல்லை. வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு ஆசிரியரை நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் முகம்தான் அது. ஒரு விஷயத்தைத் தானாகவே கண்டுபிடித்துவிட்ட பெருமை. அந்தப் பெருமைதான் என்னை அன்று முழுக்கத் தொந்தரவு செய்தது.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் அம்மாவிடம் சொன்னேன். அக்காவின் மகள், எனக்கு மருமகள். வங்கியில் அதிகாரி, கணவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே சம்பளம் வாங்குகிறவள். “ஏன் மாமா, நாங்க அவகிட்ட அப்படி ஒண்ணுஞ் சொன்னதே இல்லையே. ரெண்டு பேருக்கும் எல்லாம் ஒண்ணுபோலத்தான் வாங்கிக் கொடுக்கோம். அவளுக்கும் ரிமோட் கார் இருக்கு” என்றாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். ஆனால் கையில் கரண்டியோடு நின்றுகொண்டு கேட்டாள். மாப்பிள்ளை, பேரன், நான் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பேத்தியும் உட்கார்ந்துதான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. பேத்தி எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. குடம் பேரனின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நானும் எழவில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். எதை யோசித்தாலும் இலக்கணத்தில் போய் நிற்பது பழக்கமாகிவிட்டது. தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் கிடையாது. ‘நான் வந்தேன்’ என்பதை ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ‘நீ வந்தாய்’ என்பதும் அப்படியே. படர்க்கைக்கு வந்தால்தான் அவன், அவள், வந்தான், வந்தாள் என்று பிரியும். வகுப்பில் கட்டம் போட்டு இதை எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் தோன்றாத ஒன்று அன்றிரவு தோன்றியது. ஒரு குழந்தை தன்னைப் பற்றிப் பேசப் பால் வேண்டியதில்லை. எதிரே இருப்பவரோடு பேசவும் வேண்டியதில்லை. அந்தக் குழந்தையைப் பற்றி மற்றவர்கள் தங்களுக்குள் பேசும்போதுதான் பால் வந்து ஒட்டிக்கொள்கிறது. குழந்தை அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விளையாடுவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் காது இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

முன்னிலைக்குப் பால் இல்லை என்பதுகூட ஏட்டில்தான். எங்கள் தெருவில் ‘ஏலே’ என்றால் பையன், ‘ஏட்டி’ என்றால் பெண். சென்னையில் டா, டி. அங்கே இப்போது பெண் பிள்ளையைக் கொஞ்சும்போது ‘வாடா கண்ணு’, ‘என்னடா ராஜா’ என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தாயும் மகனைக் கொஞ்சும்போது ‘வாடி செல்லம்’ என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெண்ணை ஒரு படி ஏற்றிக் கொஞ்ச ‘டா’ உதவுகிறது. பையனை ‘டி’ போட்டுக் கூப்பிட்டால் அது வசவு. ஏணியில் எது மேலே, எது கீழே என்று இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தைக்குச் சொல்லிவிட முடியாது.

தொல்காப்பியர் குழவி, மகவு என்னும் சொற்களை, உயர்திணையைச் சேர்ந்தவையானாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களோடு வைக்கிறார். இன்றும் ‘குழந்தை அழுதது’, ‘குழந்தை சிரித்தது’ என்றுதான் சொல்கிறோம். மொழி கொஞ்ச காலமாவது பிள்ளையை விட்டுவைத்திருக்கிறது. மனிதர்கள் விடுவதில்லை. பிரசவ அறைக்கு வெளியே முதல் கேள்வியே ‘என்ன குழந்தை?’ என்பதுதான்.

அப்புறம் பள்ளிக்கூடம். ‘அப்பா வந்தார், அம்மா வந்தாள்.’ இந்த இரண்டு வாக்கியங்களை என் கையாலேயே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து, “அம்மாவுக்கு மட்டும் ஏன் சார் ‘ஆள்’?” என்று கேட்டாள். அம்மா நமக்கு நெருக்கம், நெருக்கமானவர்களுக்கு மரியாதை விகுதி தேவைப்படாது என்று பதில் சொன்னேன். அது முழுப்பொய் இல்லை. அம்மாவை ‘நீ’ என்றும் அப்பாவை ‘நீங்க’ என்றும் கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அந்த ‘நீ’யில் இருக்கும் ஒட்டுதலை எந்த ‘நீங்க’வும் தராது. ஆனால் அந்தப் பெண் கேட்டது நெருக்கத்தைப் பற்றி இல்லை. அவள் கேட்டது மதிப்பைப் பற்றி. அது எனக்கு அப்போது தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள நான் நிற்கவில்லை. அடுத்த எடுத்துக்காட்டுக்குப் போய்விட்டேன்.

இவ்விஷயத்தில் எங்கள் பேச்சுவழக்கு ஏட்டைவிட நியாயமாக நடந்துகொள்கிறது. திருநெல்வேலிப் பக்கம் ‘மாமா சொன்னாவ’, ‘அத்தை வந்தாவ’ என்பார்கள். அந்த ‘ஆவ’ இருபாலாருக்கும் பொது. எழுத்துத் தமிழும் மாறிவருகிறது. செய்தித்தாளில் இன்று எந்தப் பெண்ணையும் ‘அவர்’ என்றே எழுதுகிறார்கள். சிறுவர் கதைகளில் மட்டும் ராஜா இன்னும் ‘சொன்னார்’, பாட்டி இன்னும் ‘சொன்னாள்’.

பிள்ளைத்தமிழ் நடத்தும்போதும் இப்படி நின்று யோசித்திருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொது. தலையை நிமிர்த்தி ஆடுவதும், கைகொட்டுவதும், தளர்நடையிட்டு வருவதும், முத்தம் கொடுப்பதும் எந்தக் குழந்தைக்கும் ஒன்றுதான் என்று நம் புலவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எட்டாம் பருவத்தில் பாதை பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். பறையைக் கொட்டினால் ஊருக்கே கேட்கும். தேரை உருட்டத் தெரு வேண்டும். ஊசல் எவ்வளவு உயரம் போனாலும் கட்டின கொம்பை விட்டு நகராது.

மதுரை மீனாட்சிக்குக் குமரகுருபரர் பாடிய பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்வோம். தமிழின் இனிமைக்கு அதை விஞ்சிய நூல் அரிது என்பது என் எண்ணம். அந்த மீனாட்சி யார்? வேள்வித் தீயில் மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகை. மகனைப்போல் வளர்த்து முடிசூட்டு என்று பாண்டியனுக்கு அசரீரி சொன்னதாகத் திருவிளையாடல் கதை. படைக்கலம் பயின்று திசையெல்லாம் வென்றவள். அவளுக்கும் பிள்ளைத்தமிழில் கிடைப்பது அம்மானையும் நீராடலும் ஊசலும்தான். திசைகளை வெல்லப்போகிற பிள்ளைக்கு ஒரு சிறுதேர் கிடைக்கவில்லை. குமரகுருபரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய கவிக்கும் அந்த அச்சு கண்ணில் படவில்லை என்றால், எட்டு மணிக்குப் பேருந்து பிடிக்க ஓடும் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் எப்படிப் படும்?

சிற்றில் சிதைத்தல் பருவத்தை இன்னும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சிறுமியர் மணலில் சின்ன வீடு கட்டி, சோறு சமைத்து விளையாடுகிறார்கள். சிறுவன் ஓடிவந்து காலால் எற்றிக் கலைக்கிறான். கலைக்காதே, உன் சின்னக் கால் வலிக்குமே என்றெல்லாம் சிறுமியர் கெஞ்சுகிறார்கள். அந்தக் கெஞ்சல்தான் பருவம். நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் இதே கெஞ்சலை ஒரு பதிகமாகப் பாடியிருக்கிறாள். கலித்தொகையில் கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி ஒன்று உண்டு. சிறுவயதில் மணல்வீட்டைக் கலைத்து, மாலையைப் பறித்து, பந்தை எடுத்துக்கொண்டு ஓடிய பையன், வளர்ந்த பிறகு தண்ணீர் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். கொடுக்க வந்தவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறுகிறாள். அம்மா ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கிவிட்டது என்று சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள்.

அந்தப் பாட்டை நான் ரசித்து ரசித்து நடத்தியிருக்கிறேன். இப்போதும் அது என் மனதுக்கு நெருக்கமான பாட்டுதான். ஒரு நாடகம் முழுவதும் சில வரிகளுக்குள் நடந்து முடிகிறது. ஆனால் இன்று நினைத்துப் பார்க்கும்போது வகுப்பறைதான் கண்முன் வருகிறது. கையைப் பிடித்த இடம் வந்ததும் பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரிப்பார்கள். பெண்கள் தலையைக் குனிந்து புத்தகத்தில் கோடு போடுவார்கள். நானும் சிரிப்பேன். பாட்டில் வரும் அவள் அவனை விரும்பினாள். அதனால் பொய் சொன்னாள். என் வகுப்பில் தலைகுனிந்திருந்த பெண்களில் யாருடைய கையை யார் பிடித்தார்கள், அவர்கள் வீட்டில் போய் எதை விக்கல் என்று சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கலைக்கிறவன் விருப்பமுள்ளவன், பொறுத்துக்கொள்கிறவள் நல்லவள் என்ற பாடம் அந்த நாற்பது பேருக்கும் என் குரலில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. பாட்டை விட்டுவிட வேண்டாம். கையைப் பிடித்ததைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசியிருக்கலாம்.

எங்கள் சிறுவயதில் அக்கா பம்பரம் விடுவாள். சாட்டையைச் சுண்டி, தரையில் விழாமல் உள்ளங்கையில் ஏந்துவாள். எனக்கு அது இன்றுவரை கைவரவில்லை. பதின்மூன்றாம் வயதில் அவளுக்குச் சடங்கு நடந்தது. மாமா சீர் கொண்டுவந்தார், பந்தல், சாப்பாடு, பாட்டு எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு தெரு இல்லை. திண்ணையில் பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல். அவை மட்டமான விளையாட்டுகள் என்று சொல்லவரவில்லை. பல்லாங்குழியில் இருக்கிற கணக்கு கிட்டிப்புள்ளில் கிடையாது. அவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. உள்ளிருந்து ‘ஏட்டி’ என்று குரல் வந்தால் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கூப்பிட்ட குரலுக்கு எழ வசதியான விளையாட்டுகளாகப் பார்த்துத்தான் பெண் பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறோம். பம்பரத்தை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

கீழடியில் சுடுமண் வட்டச்சில்லுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆடிய சில்லுகளாக இருக்கலாம் என்கிறார்கள். அதை எறிந்த கை பையனுடையதா பெண்ணுடையதா என்று சில்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

பேத்தியின் வயதைச் சொன்னேன் அல்லவா, ஆறு நடக்கிறது என்று. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. யார், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இந்த எண்கள் எனக்கு வியப்பாக இல்லை. இந்தக் கணக்கில் யார் யாரைச் சேர்த்தார்கள் என்பதுதான் தைத்தது. ஆறு வயது நிரம்பிய எல்லோரையும். அடுத்த சித்திரையில் எங்கள் பேத்தியும் அந்த நிமிடங்களுக்குள் வந்துவிடுவாள். செம்பில் தண்ணீர் கொண்டுவர ஒரு நிமிஷம் ஆனது.

அமெரிக்காவில் லின் பியன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஐந்து முதல் ஏழு வயதுவரையான குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. ரொம்ப ரொம்பப் புத்திசாலியான ஒருவரைப் பற்றி ஒரு கதை. கதையில் அவர் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. சில படங்களைக் காட்டி, இவர்களில் யார் அது என்று கேட்டார்கள். ஐந்து வயதில் பையன்கள் ஆண்களைக் காட்டினார்கள், பெண் பிள்ளைகள் பெண்களைக் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகளின் விரல் தயங்கத் தொடங்கிவிட்டது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது யார் என்று கேட்டால், பெண்கள்தான் என்று அதே பிள்ளைகள் சொன்னார்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தப் பேச்சு எனக்குத் தெரியும். ஒவ்வொரு மே மாதமும் பிளஸ் டூ முடிவு வரும்போது மாணவிகள் தேர்ச்சி அதிகம் என்று செய்தி வரும். ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொள்வோம்: ‘பொம்பளப் பிள்ளைக உக்காந்து மனப்பாடம் பண்ணிரும்.’ தோற்ற பையனைப் பற்றி: ‘நல்ல மூளை சார் அவனுக்கு, படிக்க மாட்டேங்கான்.’ ஜெயித்தவளுக்கு உழைப்பைக் கொடுத்தோம். தோற்றவனுக்கு மூளையைக் கொடுத்தோம். நோட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு அறை வாசலில் நின்ற பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூவரச மரத்தடி விளையாட்டில் பேரன்தான் அப்பா. அப்பாவுக்கு அதில் செய்ய எதுவுமே இருக்கவில்லை. “நீ ஆபீஸ் போ” என்றாள் தங்கை. கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். வந்ததும், “காபி” என்றான். குடித்தான். “இப்ப என்ன செய்யணும்?” என்று கேட்டான். “செல்லு பாரு” என்றாள். ஒரு செங்கல் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் அரைத்தாள், ஊதினாள், கிளறினாள், ருசி பார்த்தாள், பொம்மைக்குக் காய்ச்சல் வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அவனுக்குக் கிடைத்த அப்பா என்ற பாத்திரத்தில் வசனமே இல்லை. கால்மணி நேரத்தில் அலுத்துப்போய் எழுந்து வாய்க்காலுக்குப் போய்விட்டான். நாம் பையன்களுக்குக் கொடுக்கும் வீடு எவ்வளவு காலியானது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்றாம் நாள் அவன் சுற்றுச்சுவரிலிருந்து விழுந்தான். முழங்கால் தோல் பெயர்ந்து ரத்தம். உதடு துடித்தது. அக்கா ஓடிவந்தாள். “ஆம்பிளப் பிள்ள அழலாமாலே? சிங்கம்லா நீ” என்று மஞ்சள்பொடி வைத்தாள். அவ்வளவு பாசமாகத்தான் சொன்னாள். அவன் விழுங்கிக்கொண்டான். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் பேத்தி தடுக்கி விழுந்தபோது இதே அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விழவைத்த தரையை நாலு அடி அடித்து, அழுது முடிக்கும்வரை நடந்துகொண்டே இருந்தாள். எட்டு வயதுப் பையனுக்கு அந்த இடுப்பு கிடைக்கவில்லை, சரி. அவனை விழவைத்த சுவருக்கு நாலு அடியாவது விழுந்திருக்கலாம். எங்கள் அப்பா இறந்தபோது நான் அழவில்லை. தைரியமான பையன் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த அழுகை எங்கே போயிற்று என்று இன்னும் தெரியவில்லை.

அழுத ஆணையும் சிரித்த பெண்ணையும் நம்பாதே என்று பழமொழியே வைத்திருக்கிறோம். ஔவை என்ற பெண்ணின் பேரால் வழங்கும் ஆத்திசூடியிலேயே, பெண் பேச்சைக் கேட்டு நடக்காதே என்னும் பொருளில் ஒரு வரி உண்டு. ஐந்து வயதில் அதை ராகம் போட்டுச் சொன்னோம். துணிச்சலுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ஆண்மை. பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், பெண் விடுதலைக்கு இந்த ஆண்மை என்பது அழிய வேண்டும் என்றே ஓர் இயல் எழுதினார். இளம் வயதில் அதைப் படித்தபோது பெண்களுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். மஞ்சள்பொடியோடு விழுங்கிக்கொண்ட அந்தப் பையனைப் பார்த்த பிறகு, அவனுக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றுகிறது.

பிள்ளைகள் சொல்லைவிடக் கண்ணைத்தான் நம்புகிறார்கள். சமையல் இழிந்த வேலை இல்லை என்று ஆயிரம் தரம் சொல்லலாம். கல்யாண வீட்டில் அண்டாவுக்கு முன்னால் நிற்பவர் ஆண். கடையில் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்ணுக்கு ‘சமையல்காரம்மா’ என்று பெயர். ஒரே அடுப்பு, ஒரே கரண்டி. கை மாறினால் பெயர் மாறுவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கண்ணால் கற்றதைக் கண்ணால்தான் மாற்ற முடியும் போலிருக்கிறது. 2024இல் கேரளத்தில் புதிய தொடக்கப்பள்ளிப் பாடநூல் ஒன்றில், சமையலறையில் அப்பா தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தது. அது பெரிய செய்தியானது. ஓர் ஆண் தேங்காய் துருவுவது செய்தியாகிற அளவுக்குத்தான் நாம் வந்திருக்கிறோம் என்பது வருத்தம்தான். ஆனாலும் அந்தப் படத்தை வண்ணப் பென்சிலால் தீட்டிப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

அதைவிடப் பெரிய படம் ஒன்று நம்மிடமே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் ஏறி ஓட்டினார்கள். இதை நேரில் போய்ப் பார்த்து எழுதிய பி. சாய்நாத் ஒரு சின்ன விவரம் சொல்கிறார். பெண்களில் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். அதில் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு பார் இருக்கும். பிள்ளையை அதில் உட்காரவைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாரில் உட்கார்ந்து போன பிள்ளைகளுக்கு இன்று முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அம்மா மூச்சு வாங்க மிதிக்கிற சத்தம், இரண்டு பக்கமும் அவள் கைகள், முன்னால் திறந்து கிடக்கிற சாலை. யாரும் அவர்களுக்குப் பெண்ணுரிமை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் இன்று எப்படிப்பட்ட தகப்பன்களாகவும் தாய்களாகவும் இருக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் மட்டும், “எங்கம்மா ஓட்டுச்சு சார். விழுந்து நாலு தையல் போட்டுச்சு. மறுபடி ஓட்டுச்சு” என்றார். அந்த ‘ஓட்டுச்சு’வில் ஆளும் இல்லை, ஆரும் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பேத்தி மறுபடியும் இலை போட்டாள். நான்கு. கட்டிலிலிருந்து இறங்கி இன்னோர் இலையைப் பறித்துப் பொம்மைக்குப் பக்கத்தில் போட்டேன்.

“நீ உக்காரும்மா. இன்னைக்கு நான் போடுதேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாய்க்காலிலிருந்து அப்போதுதான் வந்த பேரன், “தாத்தாதான் இன்னைக்கு அம்மாவா?” என்று கேட்டான்.

“தாத்தா தாத்தாவாத்தான் போடுதேன்” என்றேன்.

மெதுவாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “இலை நுனி இந்தப் பக்கம் இருக்கணும் தாத்தா” என்று திருப்பி வைத்தாள். நான் மணல் சோற்றை வைக்க, அண்ணன் இலையில் குறைவாக இருக்கிறது என்று எழப்போனாள். கையமர்த்தினேன். குழம்பு வைத்தேன். துவையல் வைத்தேன். உப்பு வைக்க வேண்டும். சொப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். எதில் இருக்கிறது என்று தெரியவில்லை.

“உப்பு எங்கம்மா?”

கால் அசைந்தது. பிறகு அப்படியே இருந்துவிட்டாள்.

“அந்தப் பச்சைச் சொப்புல. மூடியத் திறந்து பாருங்க.”

நான் திறந்து எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்திருந்தாள்.